தொப்பூர் கணவாயில் மோதிய லாரி

தருமபுரி பக்கம் ஒரு கல்லூரியில் பன்னிரண்டு வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் எங்களைக் கேட்பது ஒன்றுதான், தேர்ச்சி சதவீதம் எவ்வளவு? பிள்ளைகள் உள்ளே வரும்போது என்ன தெரிந்து வந்தார்கள், போகும்போது என்ன கூடியது என்று யாரும் கேட்டதில்லை. நானும் ரொம்ப நாள் கேட்கவில்லை.

மூன்று வருடம் முன்பு, முதலாமாண்டு வகுப்பில் முதல் வாரமே ஒரு தாள் கொடுத்தேன், மார்க் கிடையாது. அதில் ஒரு கேள்வி: தொப்பூர் கணவாயில் லோடு லாரி ஒரு காரில் மோதுகிறது, எது எதன்மீது அதிக விசை செலுத்துகிறது? (1992-ல் அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் ஹெஸ்டனஸும் சகாக்களும் வெளியிட்ட தேர்வில் உள்ள கேள்விதான், ஊர் மட்டும் நம்முடையது.) 42 பேரில் 39 பேர் லாரி என்றார்கள். சரி, எதிர்பார்த்ததுதான். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியை நடத்தி, கணக்கெல்லாம் போட்டு, செமஸ்டர் முடிந்ததும் அதே தாளைக் கொடுத்தால் 31 பேர் மறுபடியும் லாரி என்றே எழுதியிருந்தார்கள். அதில் பாலக்கோட்டிலிருந்து வரும் ஒரு பெண், பரீட்சையில் அந்த விதியை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியவள். "விதி சரிதான் சார், ஆனா கார்தானே நசுங்குது" என்றாள். நியாயமான கேள்வி. விசை இரண்டுக்கும் சமம், கார் எடை குறைவு என்பதால் அதன் வேகம்தான் அதிகம் மாறுகிறது, இதை நான் வகுப்பில் சொல்லவே இல்லை.

அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஹேக் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் 62 வகுப்புகளில் இப்படி முன்னும் பின்னும் வைத்த தேர்வுகளை ஒப்பிட்டிருக்கிறார். கணக்கு எளிது. முதலில் நூற்றுக்குச் சராசரியாக 30 வாங்கிய வகுப்பு கடைசியில் 65 வாங்கினால், பாக்கியிருந்த 70-ல் 35 கூடியிருக்கிறது, அதாவது 0.5. ஆசிரியர் மட்டுமே பேசிய வகுப்புகளின் சராசரி 0.23, மாணவர்களைப் பேசி யோசிக்க வைத்தவற்றில் 0.48.

என் வகுப்புக்குப் போட்டுப் பார்த்தேன். 0.19. அந்த செமஸ்டரில் எங்கள் தேர்ச்சி 91 சதவீதம்.

அப்புறம் இரண்டு வில் தராசுகளைக் கொக்கி மாட்டி, பலசாலிப் பையன் ஒருவனையும் ஒல்லியான பெண் ஒருத்தியையும் இழுக்கச் சொன்னேன். இரண்டு முள்ளும் ஒரே எண்ணில் நின்றதைப் பார்த்து வகுப்பே எழுந்து வந்துவிட்டது. ஒவ்வொரு விடையையும் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று வைத்தேன். இப்படி நடத்தினால் போர்ஷன் முடியாது என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள், உண்மைதான்.

இந்த வருடம் 0.36. கடைசி யூனிட்டை மூன்று சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வைத்து முடித்தேன், பென்னாகரம் பஸ் பிடிக்க வேண்டியவர்களை நாலு மணிக்கே அனுப்பிவிட்டு.