ஹெபடைடிஸ் பி: என் கோப்பில் உள்ள ரத்தப் பரிசோதனைத் தாள்கள்

2016இல் மதுரையில் ஒரு முகாமில் ரத்த தானம் செய்த சில நாட்களில், ஹெச்பிஎஸ்ஏஜி பாசிடிவ் என்று ரத்த வங்கியிலிருந்து தகவல் வந்தது. இது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் என்றும், ஆறு மாதங்களுக்கு மேலும் ரத்தத்தில் நீடித்தால்தான் நாட்பட்ட தொற்று என்று சொல்ல முடியும் என்றும் கல்லீரல் மருத்துவர் விளக்கினார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அது இருந்தது.

அடுத்த சுற்றில், வைரஸ் பெருகும்போது சுரக்கும் புரதமான ஹெச்பிஇஏஜி நெகடிவ், கல்லீரல் நொதியான எஸ்ஜிபிடி 28, ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவைக் காட்டும் டிஎன்ஏ மில்லி லிட்டருக்கு 1,400 ஐயு (சர்வதேச அலகு) என்று முடிவுகள் வந்தன. மாத்திரை இப்போது வேண்டாம், ஆனால் கண்காணிப்பை விடக் கூடாது என்றார் மருத்துவர். நானோ 'நெகடிவ்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, வைரஸ் அடங்கிவிட்டதாக நம்பினேன். அந்தப் புரதத்தைச் சுரக்காமலேயே பெருகும், மரபணு மாறிய வைரஸ்களும் உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. டிஎன்ஏ பரிசோதனைக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும் என்பதால், அதைத் தவிர்த்து எஸ்ஜிபிடி மட்டும் எடுத்துவந்தேன். பெரியம்மா அரைத்துக் கொடுத்த கீழாநெல்லியையும் குடித்தேன். அதனால் எந்த எண்ணும் அசையவில்லை.

2019இல் வேறொரு ஆய்வகத்தில் டிஎன்ஏ 8,200 என்று வந்தபோது இரண்டு இரவுகள் தூக்கமில்லை. மருத்துவர் தாளைப் பார்த்ததும் எண்ணை விட்டுவிட்டு அலகைச் சுட்டிக்காட்டினார்: அது ஐயு அல்ல, காப்பிகள், அதாவது வைரஸ் நகல்களின் எண்ணிக்கை. ஏறத்தாழ ஐந்து காப்பிகள் ஒரு ஐயு என்பதால், என் அளவு 1,600 ஐயு அருகில்தான் இருந்தது. அன்று முதல் ஒரே ஆய்வகத்தில், ஒரே அலகில்தான் எடுக்கிறேன்.

உண்மையான ஏற்றம் 2021இல் வந்தது. எஸ்ஜிபிடி 61, டிஎன்ஏ 46,000 ஐயு என்று இரண்டும் சேர்ந்து உயர்ந்திருந்தன. கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனிலும் அது சற்று இறுகியிருப்பது தெரிந்தது. வைரஸ் பெருகுவதை டிஎன்ஏவும், அதனால் கல்லீரல் செல்கள் சிதைவதை எஸ்ஜிபிடியும் சொல்வதால், இவற்றில் ஒன்றை மட்டும் பார்த்துவந்த என் சிக்கனம் எவ்வளவு அசட்டுத்தனமானது என்று அன்று புரிந்தது. தினம் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை தொடங்கினேன். 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அது அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஓராண்டில் டிஎன்ஏ கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியது. ஆனால் ஹெச்பிஎஸ்ஏஜி இன்றும் பாசிடிவ்தான். வைரஸின் மூல மரபணு கல்லீரல் செல்களின் உட்கருவில் தங்கிவிடுவதால், மாத்திரை பெருக்கத்தை அடக்குமே தவிர அதை வெளியேற்றாது. நானாக மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் மீண்டும் கிளம்பக்கூடும். சிரோசிஸ் எனும் கல்லீரல் சுருக்கம் இல்லாமலேயே கல்லீரல் புற்றுநோய் வர வாய்ப்புள்ள நோய் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏஎஃப்பி எனும் ரத்தப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்டும், மாத்திரையால் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறதா என்று அறியக் கிரியேட்டினினும் பார்த்துவருகிறேன்.

மனைவிக்கு மூன்று தவணை தடுப்பூசி போட்ட பிறகு, எதிர்ப்பாற்றலை அளக்கும் ஆன்டி-ஹெச்பிஎஸ், பாதுகாப்புக்குத் தேவையான 10ஐத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்தோம், 240 இருந்தது. கோப்பில் நான் மகிழ்ச்சியோடு செருகிய ஒரே தாள் அதுதான்.