எந்தச் செயலுக்குத் தடை?

ஆங்கிலக் கட்டுரைகளைப் பிழைதிருத்திக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் வேலை. எண்ணிச் சொல்லக்கூடியவற்றுக்கு 'ஃப்யூவர்' என்று போடாமல் 'லெஸ்' என்று போட்டிருந்தால் ஒரு காலத்தில் எனக்குக் கோபம் வரும். 'டு' என்பதற்கும் வினைச்சொல்லுக்கும் நடுவே வேறொரு சொல் புகுந்திருந்தால் அதைப் பிடுங்கி வெளியே வைத்த பிறகுதான் மனம் ஆறும். பொருள் சற்றும் கெடாத இடத்தில் விதியைக் காட்டிச் சண்டை பிடிப்பது வீண் என்று அவற்றையெல்லாம் இப்போது விட்டுவிட்டேன். போதைப்பொருள் தடையைப் பற்றிய கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் சில பிழைகளை மட்டும் என்னால் விட முடியவில்லை.

அண்மையில் கைக்கு வந்த ஒரு கட்டுரையில், போர்ச்சுகல் 2001ஆம் ஆண்டில் எல்லாப் போதைப்பொருள்களையும் 'லீகலைஸ்' செய்துவிட்டது என்று இருந்தது. அந்தச் சொல்லை அடித்து 'டீகிரிமினலைஸ்' என்று மாற்றி அனுப்பினேன். இரண்டும் ஒன்றுதானே, ஒரு சொல்லுக்காக ஏன் மல்லுக்கு நிற்கிறீர்கள் என்று எழுதியவர் கேட்டார். இரண்டும் ஒன்றல்ல. போர்ச்சுகலில் பத்து நாள் தேவைக்கு மிகாத அளவைத் தன் உபயோகத்துக்கென்று வைத்திருப்பவர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுவதில்லை. அவர் ஒரு குழுவின் முன் அனுப்பப்படுகிறார், அக்குழு அவரைச் சிகிச்சைக்கு அனுப்பலாம், அபராதமும் விதிக்கலாம். விற்பது அங்கே இன்றும் குற்றம்தான். கஞ்சாவைப் பொறுத்தவரை உருகுவே 2013இலும் கனடா 2018இலும் செய்ததுதான் 'லீகலைஸ்' செய்வது: பயிரிடுவதற்கும் விற்பதற்கும் அரசே விதி வகுத்து அனுமதி தருகிறது. வைத்திருந்ததற்காக மட்டும் ஒருவரைச் சிறையில் அடைக்கக் கூடாது என்பது என் கருத்து. யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்பதை நான் ஏற்கவில்லை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாத வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் வாதாட முடியாது.

தடை என்றவுடன் எந்தச் செயலுக்குத் தடை என்று பார்க்க வேண்டும். அமெரிக்க மதுவிலக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1920 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து 1933 டிசம்பரில் நீக்கப்பட்ட அந்த அரசியல் சட்டத் திருத்தம் தயாரிப்பதையும், விற்பதையும், கொண்டுசெல்வதையும், ஏற்றுமதி இறக்குமதியையும் தடுத்தது; 'குடிப்பது' என்ற வினை அதில் இல்லவே இல்லை. முன்கூட்டியே வாங்கி வீட்டில் சேர்த்து வைத்திருந்தவர் அங்கேயே குடித்தால் அது சட்டமீறல் ஆகாது. குடிப்பதையே குற்றமாக்கியதாக எழுதும் கட்டுரைகள் எத்தனையோ என் கண்ணில் பட்டுவிட்டன.

'ஒன்லி' என்ற சொல் வாக்கியத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பது ஆங்கில இலக்கணத்தின் தீராத வழக்கு. போதைமருந்துகளைக் கட்டுப்படுத்த அமெரிக்காவில் 1914இல் இயற்றப்பட்ட ஹாரிசன் சட்டம், மருத்துவர் தம் தொழில் நடைமுறைக்கு உட்பட்டு 'மட்டும்' நோயாளிக்கு ஓபிய வகைகளைத் தரலாம் என்றது. அந்த 'ஒன்லி' தொடரின் கடைசியில், தன் இடத்தில் சரியாகவே நின்றது. ஆனால் மார்ஃபினுக்கு அடிமையானவருக்கு அவர் உடல் தாங்கும்பொருட்டு மார்ஃபினையே எழுதிக் கொடுப்பது தொழில் நடைமுறையா என்பதைச் சட்டம் சொல்லவில்லை. 1919இல் வெப் என்ற மருத்துவர் மீதான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட சீட்டை மருத்துவரின் மருந்துச்சீட்டு என்று அழைப்பது விவாதிக்கவே தேவையில்லாத அளவுக்கு வெளிப்படையான பொருள் திரிபு என்று கூறிவிட்டது. அதன் பிறகு வழக்குக்கு அஞ்சி மருத்துவர்கள் இந்நோயாளிகளைக் கைவிட்டார்கள். ஒரு பெயர்ச்சொல்லுக்கு எது பொருள் என்ற தீர்ப்பு, வலியோடு வாசலில் நின்றவர்களைத் திருப்பி அனுப்பியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது 'டிரக்ஸ் அண்டு ஆல்கஹால்' என்ற தொடர். பறவைகளும் காக்கைகளும் என்று யாரும் எழுதுவதில்லை. இங்கே மட்டும் அந்த 'அண்டு', மதுவைப் போதைப்பொருள்களின் வரிசையிலிருந்து ஓசையில்லாமல் எடுத்து மரியாதையாகத் தனியே உட்கார வைத்துவிடுகிறது. 'ஆல்கஹால் அண்டு அதர் டிரக்ஸ்' என்று எழுதினால் அது தன் இடத்துக்குத் திரும்பிவிடும். மேலே சொன்ன கட்டுரையில் இத்தொடர் மூன்று இடங்களில் இருந்தது. மூன்றிலும் 'அதர்' சேர்த்தேன். எழுதியவர் உள்ளே இருந்த இரண்டை ஏற்றுக்கொண்டு, தலைப்பில் இருந்ததைப் பழையபடியே விட்டுவிட்டார். அதைப் பற்றி இன்று காலை அவருக்கு மீண்டும் எழுதியிருக்கிறேன்.