இரண்டரை மணி நேரமும் 77 வினாடியும்: முதல் அரை மாரத்தானில் பட்டவை

வாட்ச் 21.1 கி.மீ. காட்டியபோது நேரம் 2:29:27. முடிவு வளைவு இன்னும் கால் கிலோமீட்டர் தள்ளி நின்றது. தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து எண்ணும் சிப் நேரம் 2:31:17. இரண்டரை மணிக்குள் முடிக்கத் தேவையான வேகத்தை வழி முழுக்க வாட்ச் பார்த்தே பிடித்திருந்தும் 77 வினாடி கைநழுவியது. கால் கைவிடவில்லை, மூச்சு கைவிடவில்லை. கைவிட்டது கணக்கு. அதற்கு முன்னால் பிப் (சட்டையில் குத்தும் எண் அட்டை), தொடை, உப்புத் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் காலை வாரின. பயிற்சி அட்டவணை எங்கும் கிடைக்கிறது. இந்தச் சில்லறை விஷயங்களைத்தான் யாரும் சொல்வதில்லை.

முதலில் அந்த வாட்ச் கணக்கு. அரை மாரத்தான் 21.0975 கி.மீ. இதை இரண்டரை மணியால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 7:06 வருகிறது. 7:05-இல் ஓடினால் போதும் என்று நினைப்பது இங்கேதான் தப்பாகிறது. முறையாக அளக்கப்பட்ட பாதையை, சக்கரச் சுற்றை எண்ணும் ஜோன்ஸ் கவுன்டர் பொருத்திய சைக்கிளில், ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளக்கிறார்கள். வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 செ.மீ. தள்ளித்தான் அந்தக் கோடு போகும். பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூடுதலாகவும் சேர்ப்பார்கள். ஆக 21 மீட்டர் அங்கேயே போயிற்று. மீதியை நாமே சேர்த்துக்கொள்கிறோம். முந்துவதற்கு வளைந்து போகிறோம், தண்ணீர் மேசைக்கு ஒதுங்குகிறோம், யு-டர்னில் அகலமாகச் சுற்றுகிறோம். ஜிபிஎஸ் வேறு உயரக் கட்டடங்களுக்கும் மேம்பாலத்துக்கும் பக்கத்தில் அலைபாயும். முடிவில் வாட்ச் 21.3, 21.4 காட்டுவது சர்வசாதாரணம்.

அதனால் இலக்கு நேரத்தை 21.35-ஆல் வகுங்கள். 2:15-க்கு வாட்ச்சில் 6:19 தெரிய வேண்டும், 2:30-க்கு 7:01, 3 மணிக்கு 8:25. இன்னொரு வழியும் உண்டு. கிலோமீட்டருக்கு ஒருமுறை வாட்ச் தானாக நேரம் குறிக்கும் ஆட்டோ-லேப்பை அணைத்துவிட்டு, சாலையோரக் கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போதெல்லாம் நீங்களே லேப் பட்டனை அழுத்துங்கள். வாட்ச் சொல்லும் தூரத்தை விட அந்தப் பலகையை நம்பலாம். 10 கி.மீ. பலகையில் 1:10:30 இருந்தால் 2:30 கைக்குள் இருக்கிறது.

பிப் விவகாரத்துக்கு வருவோம். நம் பெயர் முறைக்கும் பதிவுப் படிவத்துக்கும் ஒத்தே வராது. படிவத்தில் 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டம், இரண்டும் கட்டாயம். இனிஷியல் ஒரே எழுத்தைக் கடைசிப் பெயராக அது ஏற்காது. எனவே அப்பா பெயரை முழுசாக எழுதுகிறோம். ஆதாரிலோ வெறும் இனிஷியல். பிப் வழங்கும் கவுன்டரில் இருந்த தம்பி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பேரு மேட்ச் ஆகலையே சார்" என்றார். பதிவு மெயில், பணம் கட்டிய ரசீது, பிறந்த தேதி எல்லாம் பொருந்தியும் அசையவில்லை. மேலே கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. மறுநாள் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு மறுபடி அதே பயணம். அதில் சர்நேம், கிவன் நேம் என்று தனித்தனிக் கட்டம் இருப்பதால் ஒரே நிமிடத்தில் கையில் கொடுத்துவிட்டார்கள்.

பாடம் சுலபம். கவுன்டரில் எந்த அடையாள அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள எழுத்துப்படியே படிவத்தை நிரப்புங்கள். பிப் வழங்குவது பெரும்பாலும் ஓட்டத்துக்கு முந்தைய ஒன்றிரண்டு நாள்தான், ஓட்டத்தன்று தர மாட்டார்கள். கடைசி நாள் மாலை போகாதீர்கள், கோளாறு வந்தால் சரிசெய்ய நேரம் இருக்காது. வேறொருவரை அனுப்புவதானால் அனுமதிக் கடிதம், உங்கள் அட்டையின் நகல், அவருடைய அசல் அட்டை மூன்றும் வேண்டும். அங்கேயே பையைப் பிரித்து எண், பிரிவு, சிப் மூன்றையும் பாருங்கள். 10 கி.மீ. பிரிவுப் பிப் மாறி வந்து, வீட்டில் போய்க் கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

பிப்பின் பின்புறம் ஒட்டியிருக்கும் பட்டைதான் சிப். அதை மடிக்கக் கூடாது. நான்கு மூலையிலும் ஊக்கு குத்தி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில், வெளியே தெரியும்படி இருக்க வேண்டும். மேலே தண்ணீர் பெல்ட் கட்டினால், சிப்பைப் படிக்கத் தரையில் விரித்திருக்கும் டைமிங் பாயில் பதிவாகாமல் போகலாம். பின்பக்கம் இரத்த வகையையும் அவசர எண்ணையும் பால்பாயின்ட் பேனாவில் எழுதுங்கள், ஜெல் பேனா மை வியர்வையில் கரைந்துவிடும். வர முடியாத நண்பரின் பிப்பை மாட்டிக்கொண்டு ஓடும் பழக்கம் நம்மிடம் நிறைய. நீங்கள் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு அவருடைய வீட்டுக்குத்தான் போன் போடும்.

பயிற்சி பெரிதாகச் சிரமம் தரவில்லை. ஏற்கெனவே 10 கி.மீ. ஓடுபவருக்கு 12 வாரம் போதும். ஞாயிறு லாங் ரன், அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டம், கி.மீ.யில் 10, 11, 12, 9, 13, 14, 15, 11, 16, 18, 12, பிறகு ஓட்டம். நடுவில் இரண்டு நாள் 5–6 கி.மீ. மெதுவோட்டம், ஒரு நாள் கொஞ்சம் வேகம். அவ்வளவுதான். 21-ஐப் பயிற்சியிலேயே ஓடிப் பார்க்க வேண்டியதில்லை.

சென்னையில் சிக்கல் வேறு. ஜனவரி ஓட்டத்துக்கான பயிற்சி சரியாக வடகிழக்குப் பருவமழையில் வந்து மாட்டுகிறது. ஒரு லாங் ரன் மழையில் போனால் விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் இரண்டையும் சேர்த்து ஓடாதீர்கள். இரண்டு வாரம் தொடர்ந்து போனால் கடைசியாக ஓடிய தூரத்திலிருந்து மறுபடி ஏறுங்கள். தேங்கிய தண்ணீரில் ஓடவே கூடாது, மூடியில்லாத குழி கண்ணுக்குத் தெரியாது. நனைந்த ஷூவின் உள்அட்டையை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, இரண்டு மணிக்கு ஒருமுறை தாளை மாற்றினால் மறுநாளைக்குள் காயும். வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும். நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை 3 கி.மீ. சொச்சம். மெரினாவில் மூன்று முறை போய்வந்தால் 18 முடிந்தது, சலிப்பாகத்தான் இருக்கும். அதிகாலை நாலரை மணிக்குத் தெருநாய் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி நடந்து கடந்துவிடுங்கள். ஓடினால் துரத்தும்.

கிழக்குக் கடற்கரைச் சாலை மாதிரி இடங்களில் மழைநீர் வடிவதற்காகச் சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் தாழ்வாகவே விழும். முழங்காலின் வெளிப்புறத்தில் ஊசி குத்துவது போன்ற வலி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். போகும்போது ஒரு பக்கச் சரிவு, திரும்பும்போது எதிர்ப்பக்கச் சரிவு என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், இல்லையென்றால் நகம் கறுத்து விழும். ஓட்டத்தன்று போடும் ஷூவில் முன்னதாக 50 கி.மீ.யாவது ஓடியிருக்க வேண்டும். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் உரசல் பற்றி வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் சொல்வதில்லை.

ஈரப்பதம் மிகுந்த ஊரில் வியர்வை சீக்கிரம் ஆவியாவதில்லை. துணியிலேயே தங்கி, காய்ந்த உப்பு மணல்தாள் மாதிரித் தேய்க்கிறது. 12 கி.மீ. வரை ஒன்றும் தெரியாது, 15-இல் தொடை எரியும், வீட்டில் தண்ணீர் ஊற்றும்போது அலறல் வரும். தொடையின் உட்பக்கம், அக்குள், பெண்களுக்கு உள்ளாடைப் பட்டையின் கீழ் விளிம்பு, ஆண்களுக்கு மார்புக் காம்பு: இவைதான் ஆபத்தான இடங்கள். வாஸலினை லேசாகத் தடவினால் ஒரு மணி நேரத்தில் போய்விடும், அப்பிக்கொள்ள வேண்டும். காம்பில் பிளாஸ்திரி ஒட்டுபவர்கள், வாஸலின் பூசுவதற்கு முன்னால் ஒட்டுங்கள், பூசிய பிறகு ஒட்டாது. பிப்போடு தரும் புதுச் சட்டையை அன்று போடாதீர்கள். அதன் தையல் எங்கே இருக்கிறது என்று உங்கள் அக்குளுக்குத் தெரியாது. 16 கி.மீ. ஓடிய பழைய சட்டையே போதும்.

முந்தின நாள் மதியமே கனமாகச் சாப்பிட்டுவிடுங்கள், இரவு ஏழு மணிக்குத் தயிர்சாதம் மாதிரி லேசாக முடியுங்கள். கீரை, சுண்டல், பிரியாணி மூன்றுக்கும் அன்று விடுமுறை. ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி சர்க்கரையோடு, அல்லது ஒரு வாழைப்பழமும் காபியும். சாம்பார் வேண்டாம். ஐந்து மணி ஓட்டத்துக்கு மூன்று மணிக்கே எழ வேண்டியிருக்கும். அந்த நேரத்துக்கு ஆட்டோ கிடைக்கும் என்று நம்பாதீர்கள், சாலைகளை அடைப்பதால் கிடைத்தாலும் ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே இறக்கிவிடுவார்கள். பை வைக்கும் கவுன்டரை ஓட்டம் தொடங்கும் முன்பே மூடிவிடுவார்கள். கழிப்பறை வரிசைக்கு மட்டும் அரை மணி ஒதுக்குங்கள்.

இனி உப்புத் தண்ணீர். வழியில் ஓஆர்எஸ் கொடுப்பார்கள் என்று எழுதியிருந்தது. எழுதியிருந்தது உண்மை. முதல் ஆயிரம் பேருக்குக் கிடைத்ததும் உண்மையாக இருக்கலாம். 14 கி.மீ. மேசையில் காலி டம்ளர்தான் இருந்தது. இரண்டு மணிக்கு மேல் ஓடப்போகிறவர்கள் கையில் எடுத்துப் போவதே நல்லது.

இங்கேயும் ஒரு தப்பு நடக்கிறது. உலக சுகாதார நிறுவனக் கலவைப் பாக்கெட் ஒன்று 1 லிட்டர் தண்ணீருக்கானது. அதை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் செறிவு இரட்டிப்பாகி வயிற்றைப் பிசையும். பாதிப் பாக்கெட் கணக்கும் சரிவராது, உப்பும் குளுக்கோஸும் சமமாகப் பிரிந்து விழாது. வீட்டில் 1 லிட்டரில் முழுசாகக் கரைத்து, அரை லிட்டரை ஊற்றிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு குடிப்பது? ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், ஈரத் துணி இல்லாமல், எடை பாருங்கள். 68.4 கிலோ 67.5 ஆகி, நடுவில் 200 மி.லி. குடித்திருந்தால் இழப்பு 1.1 லிட்டர். அத்தனையும் ஓடும்போதே திருப்பி ஊற்ற வேண்டியதில்லை, பலருக்கு மணிக்கு 400–600 மி.லி. போதும். ஓட்டத்துக்குப் பின் எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடிக்கிறீர்கள். இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம், குழப்பம், வலிப்பு வரை போகும். மெதுவாக ஓடி, ஒவ்வொரு மேசையிலும் இரண்டு டம்ளர் குடிப்பவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

ஓஆர்எஸ் சாப்பாடு ஆகாது. ஒரு லிட்டரில் 13.5 கிராம்தான் குளுக்கோஸ். மணிக்கு 30 கிராம் மாவுச்சத்தாவது வேண்டும். ஓடுபவர்களுக்கென்று சிறு உறையில் வரும் இனிப்புக் கூழான ஜெல் ஒன்றில் 20–25 கிராம் இருக்கும், 45-ஆவது நிமிடத்தில் ஒன்று, ஒன்றரை மணியில் இன்னொன்று. தண்ணீர் மேசை கண்ணில் பட்டதும் உறையைக் கிழித்து, வெறும் தண்ணீரோடு விழுங்குங்கள். ஜெல் பிடிக்காதவர்களுக்குப் பேரீச்சம்பழம், கருப்பட்டித் துண்டு. கடலை மிட்டாயை ஓடிக்கொண்டே மென்றால் புரையேறும். எதுவானாலும் லாங் ரன்னில் குறைந்தது மூன்று முறை சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

வலி மாத்திரையை முன்னெச்சரிக்கையாகப் போட்டுக்கொண்டு தொடங்குபவர்களைத் தொடக்கக் கோட்டிலேயே பார்க்கலாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகைகள் நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். மாத்திரை போட்டுத்தான் ஓட வேண்டும் என்ற வலி இருந்தால் அன்று ஓடாதீர்கள்.

முதல் 3 கி.மீ.யில் இலக்கை விட 10–15 வினாடி மெதுவாகப் போங்கள். நெரிசலில் முந்திப் பிடிக்கும் அரை நிமிடத்துக்கு 17-ஆவது கிலோமீட்டரில் வட்டி கட்ட நேரும். ஓட்டமும் நடையும் கலப்பவர்கள், 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் காலோவே பரப்பிய முறைப்படி, முதல் கிலோமீட்டரிலிருந்தே நடக்க வேண்டும். களைத்த பிறகு தொடங்கினால் அதற்குப் பெயர் வெறும் நடை. 9 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை என்றால், 7:01 சராசரிக்கு ஓட்டப் பகுதி 6:47 வேகத்தில் இருக்க வேண்டும். நடக்கும் முன் கையைத் தூக்கிக் காட்டி ஓரமாக ஒதுங்குங்கள், பின்னால் வருபவர் முதுகில் மோதுவார்.

ஜனவரியில் சூரியன் ஆறரை மணி வாக்கில் வரும். ஐந்து மணிக்குத் தொடங்குபவருக்குக் கடைசி 7–8 கி.மீ. வெளிச்சத்திலும் ஏறும் சூட்டிலும்தான். தொப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பலாம். கெண்டைக்கால் பிடித்தால் குதிகாலைத் தரையில் ஊன்றி அரை நிமிடம் நீட்டிவிட்டு நடங்கள். உட்கார்ந்துவிட்டால் எழுவது கஷ்டம்.

முடிவு வளைவைத் தாண்டியதும் சட்டென்று நிற்காதீர்கள். காலில் தேங்கிய இரத்தம் தலைக்கு ஏறாமல் மயக்கம் தட்டும். பதக்கம், பொங்கல் பொட்டலம் எல்லாம் பத்து நிமிடம் நடந்த பிறகு.

சான்றிதழ் அன்று மாலையே வந்தது. கொட்டை எழுத்தில் 2:34:57. துப்பாக்கி வெடித்ததிலிருந்து எண்ணிய நேரம் அது. கூட்டத்தில் தொடக்கக் கோட்டை எட்டவே 3 நிமிடம் 40 வினாடி ஆனதையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். பரிசுக்கு ஓடுபவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு. மற்றவர்களுக்குச் சிப் நேரம் கீழே பொடி எழுத்தில் இருக்கும். அடுத்த ஓட்டத்தில் தொடக்க வரிசை கேட்டு விண்ணப்பிக்கும்போது அந்தப் பொடி எழுத்தைக் காட்டுங்கள். 5 கி.மீ. பாயில் என் பதிவு விழவே இல்லை. வாட்ச் பதிவை இணைத்து, பிப் எண்ணோடு மெயில் அனுப்பினால் சேர்த்துக்கொள்கிறார்கள். அதனால் முடிவு வெளியாகும் வரை வாட்ச்சிலிருந்து அந்த ஓட்டத்தை அழிக்காதீர்கள். நான்காம் நாள் திருத்திய பக்கம் வந்தது. 2:31:17 மட்டும் அப்படியே இருக்கிறது.