சுங்கை சிப்புட்டிலிருந்து பொம்மைச் சந்தைக்கு: பிளாஸ்டிக் சிப்பாய் தேடுவோர் கவனத்துக்கு

கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று எங்கே பொம்மைச் சந்தை கூடினாலும் மேசைகளில் முக்கால்வாசி ஹாட் வீல்ஸ் கார்களும் குண்டாம் ரோபோக்களும் ஜப்பானியக் கார்ட்டூன் பொம்மைகளும்தான். சிப்பாய்கள் மேசை ஓரத்தில் ஒரு தட்டில் கிடப்பார்கள். இல்லாவிட்டால் மேசைக்கு அடியில், பழைய பிஸ்கட் டின்னில். விற்பவருக்கே பெரும்பாலும் அவை எந்த நாட்டுச் சரக்கு, எந்தக் காலத்துச் சரக்கு என்று தெரியாது. அதனால் ஒரு மேசையில் அடிமாட்டு விலைக்குப் போவது அடுத்த மேசையில் ஆகாய விலை சொல்லும். இந்த நிலையில் வாங்குபவர் நம்பக்கூடியது ஒன்றே ஒன்று: பொம்மையின் அடித்தட்டு. முகத்தைப் பார்ப்பதற்கு முன் பொம்மையைக் கவிழ்த்துப் பாருங்கள்.

நம் பக்கத்துச் சந்தைகளில் இரண்டு வகைச் சரக்கு கலந்து வரும். ஒன்று இங்கிலாந்தில் செய்தவை. ஏர்ஃபிக்ஸ், பிரிட்டன்ஸ், டிம்போ போன்ற நிறுவனங்களின் சரக்கு. மற்றொன்று ஹாங்காங்கில் அவற்றைப் பார்த்து அச்செடுத்த நகல்கள். பொட்டலமாகக் கட்டி, தலைப்பில் ஓர் அட்டையைப் பின்னடித்து, மளிகைக் கடையில் தொங்கியவை இந்த இரண்டாம் வகை. இங்கிலாந்துச் சரக்கைக் காட்டி, "இது தோட்டத்துத் துரை பங்களாவிலிருந்து வந்தது" என்று சொல்லி விலையை ஏற்றுபவர்கள் உண்டு. அந்தக் கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். அடித்தட்டு சொல்வதற்கு மட்டும் கொடுங்கள்.

அடித்தட்டு என்ன சொல்லும்? 'மேட் இன் இங்கிலாந்து' என்ற பொறிப்பு தெளிவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. 'எம்பயர் மேட்' என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் 1950, 60-களின் ஹாங்காங் சரக்கு. 'ஹாங்காங்' என்று இருந்தாலே போலி என்று ஒதுக்கிவிடுவது பலர் செய்யும் தவறு. பிரிட்டன்ஸின் ஹெரால்ட் வரிசை முதலில் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டது. 1950-களில் ராய் செல்வின்-ஸ்மித் வடித்த அந்த உருவங்கள்தான் பிளாஸ்டிக் சிப்பாய்களுக்கே ஒரு மரியாதையைத் தேடித் தந்தவை. 1966-இல் அதன் உற்பத்தி ஹாங்காங்குக்கு மாறியது. அதே ஆண்டில் பிரிட்டன்ஸ் ஈயச் சிப்பாய்களையும் நிறுத்தியது. ஆகவே 'ஹெரால்ட்', 'ஹாங்காங்' இரண்டும் ஒரே தட்டில் இருந்தால் அது நிறுவனத்தின் சொந்தச் சரக்கு. ஹெரால்ட் பெயர் இல்லாமல் வெறும் 'ஹாங்காங்' என்று இருந்து, உருவம் மட்டும் ஹெரால்டைப் போல இருந்தால்தான் அது நகல்.

பிரிட்டன்ஸின் டீட்டெய்ல் வரிசை 1971-இல் வந்தது. அதற்கு உலோகத் தட்டு. தட்டில் 1971 என்று இருப்பதைக் காட்டி "ஐம்பது வருஷப் பழசு" என்பார்கள். பொறித்திருப்பது அந்த வடிவத்தின் உரிமை ஆண்டு. பல வருஷம் கழித்து வார்த்ததிலும் அதே எண்தான் இருக்கும். தட்டையும் உருவத்தையும் இரண்டு விரலில் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் தட்டு மாற்றப்பட்டதாக இருக்கலாம்.

பொறிப்பே இல்லாத பொம்மைக்கு அளவுகோல்தான் சாட்சி. மில்லிமீட்டரை நுட்பமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர் ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த பிளாஸ்டிக் காலிப்பர் போதும், உலோகம் பெயிண்டைக் கீறும். பெரிய அளவுச் சிப்பாய்க்கு வழக்கமான உயரம் 54 மில்லிமீட்டர். இதைத்தான் நிஜ ஆளின் 32-இல் ஒரு பங்கு அளவு என்கிறோம். ஏர்ஃபிக்ஸின் சின்னப் பெட்டிச் சிப்பாய் ஏறக்குறைய அதில் பாதிக்கும் குறைவு. அமெரிக்க மார்க்ஸ் நிறுவனத்தின் சில வரிசைகள் 60 மில்லிமீட்டர் வரை போகும்.

நகலை அளவு எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தச் சிப்பாய்களில் பெரும்பாலானவற்றை வார்த்த பிளாஸ்டிக்கான பாலித்தீன், அச்சுக்குள் ஆறும்போது சுமார் 2 விழுக்காடு சுருங்கும். முதலில் அச்சு செய்த நிறுவனம் இதைக் கணக்கில் எடுத்து அச்சைச் சற்றுப் பெரிதாகவே வெட்டியிருக்கும். நகல் எடுப்பவர் கடையில் வாங்கிய பொம்மையை அப்படியே மாதிரியாக வைத்து அச்செடுத்தால் அந்தக் கணக்கு விட்டுப்போகும். 54 மில்லிமீட்டர் பொம்மையின் நகல் 53 அளவில் வரும். அந்த நகலிலிருந்து இன்னொருவர் எடுத்தால் 52. உயரத்தை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு: பழைய பாலித்தீன் வளைந்திருக்கும், குனிந்து நிற்கும். அதனால் அடித்தட்டின் நீளத்தையும் அகலத்தையும் அளங்கள். தட்டு அவ்வளவாக வளையாது. உங்களிடம் இருக்கும் நிச்சயமான மூல உருவங்களின் தட்டு அளவுகளை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு போனால் சந்தையில் அரை நிமிஷத்தில் முடிவு தெரிந்துவிடும்.

அளவோடு சேர்த்து விரல்களைப் பாருங்கள். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். மூல உருவத்தில் துப்பாக்கியைப் பிடித்திருக்கும் விரல்கள் நான்கும் தனித்தனியாகத் தெரியும், வார்ப்பூட்டின் கொக்கி தெரியும். நகலில் விரல்கள் ஒன்றாகக் கூழாகிக் கையுறை போட்ட மாதிரி இருக்கும். துப்பாக்கிக் குழாய் தடிக்கும். இரண்டு அச்சுப் பாதிகள் சேரும் கோட்டில், அதாவது தோளிலிருந்து இடுப்பு வழியாகக் காலுக்கு ஓடும் விளிம்பில், மெல்லிய பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் நகலை ஒதுக்குவதற்காகச் சொல்லவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் கைக்கு வந்தவை அந்த நகல்கள்தான். தலைப்பு அட்டையோடு பிரிக்காத ஹாங்காங் பொட்டலம் கிடைத்தால், நாலைந்து தனி இங்கிலாந்துச் சிப்பாய்களை விட்டுவிட்டு அதை வாங்குவதே சரி என்பேன். அட்டையும் பின்னும் பிரியாமல் தப்பிய பொட்டலங்கள் மிகக் குறைவு.

இப்போது பொருளுக்கு வருவோம், ஏனென்றால் காசு வீணாவது இங்கேதான் அதிகம். பழைய பாலித்தீன் வெயிலும் சூடும் பட்டு உள்ளுக்குள் உளுத்துப்போகும். வெளித் தோற்றத்தில் புதுசு போலவே இருக்கும். கையில் எடுத்தால் கணுக்காலில் சட்டென்று ஒடியும். 1960, 70-களின் ஏர்ஃபிக்ஸ் சிப்பாய்களில் இது அதிகம். துப்பாக்கியை வளைத்துப் பார்த்துச் சோதிக்காதீர்கள். ஒடிந்தால் விலை உங்கள் தலையில். அதற்குப் பதிலாகக் கணுக்காலையும் ஈட்டிமுனை சேரும் இடத்தையும் டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முடி போன்ற வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அந்தப் பொம்மை முடிந்துபோனது. பொம்மைகள் கிடக்கும் தட்டு முழுக்கப் பார்க்க வேண்டும்: ஒரே நிறத்தில் மூன்று நான்கு ஒடிந்த கால்கள் கிடந்தால், அதே நிறத்தில் முழுசாக இருப்பவையும் விரைவில் ஒடியும். பெரும்பாலும் ஒரே கலவையில் வார்த்தவை அவை. உளுத்த பாலித்தீனைப் பசை போட்டு ஒட்டவும் முடியாது. பாலித்தீனில் சாதாரணப் பசை பிடிக்காது, சூப்பர் குளூவும் இரண்டு நாளில் உரிந்துவிடும். மெல்லிய பித்தளைக் கம்பியைக் காலுக்குள் துளையிட்டுச் செருகுவது ஒன்றே வழி. அதுவும் நல்ல பிளாஸ்டிக்கில்தான் நிற்கும்.

எது பாலித்தீன், எது பிவிசி என்று சந்தேகம் வந்தால் வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் போதும். பாலித்தீன் மிதக்கும். பிவிசியும், பாலிஸ்டைரின் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கும் மூழ்கும். பாலிஸ்டைரினை மேசையில் தட்டினால் கணீரென்று கேட்கும், பாலித்தீன் மந்தமாக ஒலிக்கும். இந்த வேறுபாடு சேமிப்பில் முக்கியம். பிவிசியை மென்மையாக்கக் கலந்த எண்ணெய் நம் வெப்பத்தில் கசிந்து பொம்மை பிசுபிசுக்கும். அந்தக் கசிவு பட்டால் பக்கத்தில் இருக்கும் பாலிஸ்டைரின் இளகி ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் ஒரே பெட்டியில் போடவே கூடாது.

பெயிண்ட் விஷயத்தில் ஒன்று. பாலித்தீனில் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது, ஆகவே நல்ல ஹெரால்ட் உருவத்திலும் மூக்கு நுனி, தோள், துப்பாக்கிக் கட்டை ஆகிய இடங்களில் உரிந்திருப்பது இயல்பு. எங்கும் உரியாமல் பளபளவென்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். மறுபூச்சு அடித்தவர் தட்டின் அடிவிளிம்பிலும் பொறிப்பு எழுத்துக்குள்ளும் தூரிகையை ஓட விட்டிருப்பார். டிம்போவின் பிற்காலச் சிப்பாய்களில் இந்தத் தொல்லை இல்லை. வேறுவேறு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றன்மேல் ஒன்றாக வார்த்தவை என்பதால் உரிய எதுவுமில்லை. ஆனால் அவற்றின் தலையும் உடலும் காலும் கழன்று மாறும். ஒருவன் தலை இன்னொருவன் உடம்பில் இருக்கும். படங்களைப் பார்த்துப் பழகாமல் டிம்போ வாங்க இறங்காதீர்கள்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு பிடிமானமும் உண்டு. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்து எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து, கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் வந்து, 1960 வரை நீடித்தது. இந்த வட்டாரத்தின் அந்த வரலாற்றை மேசைமேல் காட்டிப் பார்க்க விரும்புவோர் ஏர்ஃபிக்ஸின் பெரிய அளவு கூர்க்கா, ஆஸ்திரேலியச் சிப்பாய்களைத் தேடுகிறார்கள். அவை இரண்டாம் உலகப் போருக்காக வடித்தவை என்பதை நினைவில் வையுங்கள். தொப்பி பொருந்தும், துப்பாக்கி எல்லாம் பொருந்தாது.

பயணம் பற்றி: சனி, ஞாயிறில் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் கூடும் பழைய பொருள் சந்தைக்குச் சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் மின்ரயில் ஏறினால் கே.எல். சென்ட்ரல், அங்கிருந்து கிளானா ஜெயா தடத்தில் தாமான் ஜெயா நிலையம். ரயிலில் மட்டும் ஏறக்குறைய மூன்று மணி நேரம். பெரிய பொம்மைக் கண்காட்சி என்றால் முதல் நாளே போய்த் தங்குவது நல்லது. கடை விரிக்கும் நேரத்திலேயே வியாபாரிகள் தங்களுக்குள் நல்லதை மாற்றிக்கொள்வார்கள். கதவு திறந்ததும் முதல் சுற்றில் எதையும் பேரம் பேசாமல் எல்லா மேசையையும் பார்த்துவிடுங்கள், அடியில் இருக்கும் டின்களை மட்டும் கேட்டு எடுத்துப் பாருங்கள். "பாங், அஸ்கார் பிளாஸ்டிக் லாமா அடா?" (அண்ணே, பழைய பிளாஸ்டிக் சிப்பாய் இருக்கா?) என்று மலாயில் கேட்டால் மேசையில் இல்லாததும் வெளியே வரும். சீனப் பெரியவர் என்றால் அங்கிள், நம்மவர் என்றால் அண்ணே. கேட்காமல் டின்னைக் கிளறினால் யாருக்கும் பிடிக்காது.

பேரத்துக்குக் கணக்கோடு போங்கள். டின் முழுக்க 40 பொம்மை, 120 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார் என்று வையுங்கள். தலைக்கு 3 வெள்ளி என்று நினைக்கக் கூடாது. ஒடிந்தவை 12, உளுத்த நிறம் 8, உங்களிடம் ஏற்கனவே இருப்பவை 10 என்றால் மிச்சம் 10. உண்மை விலை தலைக்கு 12 வெள்ளி. அந்தப் பத்துக்கும் அது தகும் என்றால் "அம்பில் செமுவா, போலே குராங்?" (எல்லாத்தையும் எடுத்துக்கிறேன், குறைக்க முடியுமா?) என்று கேட்கலாம். தகாவிட்டால் பத்தை மட்டும் தனியாகக் கேளுங்கள். ஒடிந்ததை வைத்துக்கொண்டு குறை சொல்லி விலையை அடிப்பதைவிட மொத்தமாக எடுப்பதாகச் சொல்வது எளிதில் பலிக்கும். சில்லறையாக 5, 10 வெள்ளித் தாள்கள் வேண்டும். கீழ்த்தள மண்டபங்களில் இணையம் கிடைக்காமல் கியூஆர் கட்டணம் பாதியில் நிற்பது சகஜம்.

வீட்டுக்குக் கொண்டுவர, தூண்டில் சாமான் வைக்கும் அறை பிரித்த பெட்டி மிகவும் பொருத்தம். ஒவ்வொன்றையும் வெள்ளை டிஷ்யூவில் சுற்றுங்கள். ரப்பர் பேண்ட் கூடாது. சூட்டில் இளகிப் பெயிண்டோடு ஒட்டி, உரிக்கும்போது பெயிண்டையும் இழுத்துவரும். காரில் போனால் பெட்டியை உள்ளே விட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். நம் வெயிலில் பூட்டிய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டும், துப்பாக்கிகள் எல்லாம் தொங்கிவிடும்.

தொங்கிய துப்பாக்கியை நிமிர்த்தலாம், உளுக்காத பாலித்தீனாக இருந்தால். கொதித்து இறக்கி ஐந்து நிமிஷம் ஆறிய தண்ணீரில் துப்பாக்கிப் பகுதியை மட்டும் பத்து நொடி முக்கி, விரலால் நேராகப் பிடித்து, உடனே ஐஸ் தண்ணீரில் அரை நிமிஷம் வைத்திருங்கள். ஒரே தடவையில் முழுக்க நிமிர்த்தாமல் இரண்டு மூன்று தடவையாகச் செய்தால் மெல்லிய இடம் கிழியாது. பெயிண்ட் உள்ள உருவத்தில் இதைச் செய்தால் பூச்சு வெடிக்கும், விட்டுவிடுங்கள்.

கழுவுவதற்குப் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய மென்மையான பல்துலக்கி. பெயிண்ட் இருந்தால் துலக்கி வேண்டாம், பஞ்சுக்குச்சி மட்டும். முழு இரவு காயவிட்ட பிறகே பெட்டிக்குள் போக வேண்டும். இல்லாவிட்டால் நம் ஈரக்காற்றில் ஒரு வாரத்தில் தட்டின் அடியில் பூஞ்சை படியும். பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். பிவிசி உருவங்களைக் காற்றுப் புகாமல் மூடக் கூடாது. ஈயச் சிப்பாய் கலந்து வந்திருந்தால் அதைத் தனியாக வைத்து, தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கடைசியாக, தட்டின் அடியில் பேனாவால் எண் எழுதாதீர்கள். மை பாலித்தீனுக்குள் இறங்கினால் எடுக்க முடியாது. வாங்கிய இடம், தேதி, விலை, தட்டு அளவு ஆகியவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதே அறைக்குள் போட்டுவைத்தால் போதும்.