களியக்காவிளை தாண்டாத முன்னுரிமை: ஒரு எம்.இ. ப்ராஜெக்ட் அனுபவம்

வெவ்வேறு நெட்வொர்க்குகளுக்கு இடையே நடக்கும் ரூட்டிங்கில் (தரவுக்கு வழி தேர்ந்தெடுப்பதில்) சேவைத் தரத்தை எப்படிக் கூட்டலாம் என்பதுதான் நான் எம்.இ. கடைசி வருடத்தில் எடுத்த ப்ராஜெக்ட். இந்த வருடம் அதே தலைப்பை எடுத்திருக்கும் ஜூனியர் ஒருத்தி, "எங்கேருந்துக்கா தொடங்க?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் ரிவ்யூவில் டிஃப்சர்வ் (பாக்கெட் எனப்படும் தரவுத் துண்டுகள்மேல் முன்னுரிமைக் குறி போடும் முறை) பற்றி மட்டும் பதினைந்து ஸ்லைடு போட்டேன். 1998இல் வந்தது, பாக்கெட்டின் தலைப்பகுதியில் 6 பிட், அதில் 64 மதிப்புகள், குரல் அழைப்புக்கு வழக்கமாக 46. எல்லாம் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். ரிவ்யூ எடுத்த மேடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இந்த 46 பக்கத்து நெட்வொர்க்குக்குப் போனா என்ன ஆகும்?" எனக்கு வாயே திறக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் கேரளத்துப் பாறசாலையில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனேன். மார்த்தாண்டத்திலிருந்து தமிழக எல்லையான களியக்காவிளை வரை சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கே இறங்கிக் கேரள வண்டியில் ஏறினால் டிக்கெட் எடுத்தாக வேண்டும். கண்டக்டரைக் குறை சொல்ல முடியாது. நம் அரசு கொடுத்த சலுகைக்கு அவர் ஏன் கணக்கு வைக்க வேண்டும்? மேடத்தின் கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் பக்கத்து நெட்வொர்க் அந்த 46ஐக் கண்டுகொள்ளாமல் விடலாம், அழித்து 0 என்றும் ஆக்கலாம். டிஃப்சர்வ் பழுதில்லாத நுட்பம்தான். பாதை முழுவதையும் ஆள ஒரே முதலாளி இல்லை என்பதுதான் சிக்கல்.

இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் பி.ஜி.பி.யை (நெட்வொர்க்குகள் தங்களுக்குள் வழிகளை அறிவித்துக்கொள்ளும் நெறிமுறை) தொட வேண்டும். நான் தலைகீழாகப் படித்து ஒரு மாதத்தை வீணாக்கினேன். அதை வரையறுக்கும் இணையத் தர ஆவணமான ஆர்.எஃப்.சி 4271இல் வழி தேர்ந்தெடுக்கும் படிகளைப் பாருங்கள். முதலில் லோக்கல் பிரிஃபரன்ஸ் (ஒரு நெட்வொர்க் வழிகளுக்குத் தானே கொடுக்கும் விருப்ப எண், பெரியதே வெல்லும்), அப்புறம் எத்தனை நெட்வொர்க்குகளைத் தாண்டுகிறது என்ற எண்ணிக்கை. தாமதம், பாக்கெட் இழப்பு, பேண்ட்வித் எதையும் அது பார்ப்பதில்லை. காசு தரும் வாடிக்கையாளர் வழி முதலில், தான் காசு கொடுக்க வேண்டிய வழி கடைசியில் என்றுதான் பெரும்பாலான நெட்வொர்க்குகள் கொள்கை எழுதுகின்றன.

படித்தால் மட்டும் போதாது, செய்து பாருங்கள். ஒரு சாதாரண லேப்டாப்பில் லினக்ஸும் எஃப்.ஆர்.ஆர். என்ற ரூட்டிங் மென்பொருளும் போதும். அதன் புதிய பதிப்புகளில் கொள்கை எழுதாவிட்டால் அண்டை நெட்வொர்க்கோடு வழிகள் பரிமாறப்படாது, ஆர்.எஃப்.சி 8212 அப்படிச் சொல்கிறது. இது தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்க கேபிளையும் முகவரியையும் சந்தேகப்பட்டேன். (கேபிளே இல்லாத லேப் அது!)

லேப்டாப்புக்குள்ளேயே ஐந்து நெட்வொர்க்குகளை அமைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் கொடுத்தேன். என்னுடையது 65001, போய்ச் சேர வேண்டியது 65004. 65002 வழியாகப் போனால் தாண்டுவது குறைவு. ஆனால் அந்த இணைப்பில் போக 80, வர 80 மில்லிசெகண்ட் தாமதத்தை நானே வைத்தேன். 65003, 65005 வழி சுற்று, ஆனால் வேகம். எதிர்பார்த்தபடியே பி.ஜி.பி. மெதுவான வழியைத்தான் பிடித்தது. பிங் (போய்த் திரும்பும் நேரம்) 160 மில்லிசெகண்ட் காட்டியது. சரி என்று சுற்று வழிக்கு லோக்கல் பிரிஃபரன்ஸை 100இலிருந்து 200 ஆக்கினேன். பிங் 80இல் நின்றுவிட்டது!

இரண்டு நாள் மண்டை காய்ந்தது. போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் கருவி புதிய வழியைத்தான் காட்டுகிறது, பிறகு ஏன் பாதி? லேப் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "போறது சரி மக்கா, திரும்பி வாறது எதுவழி?" என்றார். அவ்வளவுதான் விஷயம். லோக்கல் பிரிஃபரன்ஸ் என் வீட்டுக்குள் மட்டும் செல்லும். திரும்பும் வழியை 65004தான் தீர்மானிக்கிறது. 65002 பக்கம் அனுப்பும் அறிவிப்பில் என் 65001 எண்ணைக் கூடுதலாக இரண்டு முறை சேர்த்து அறிவித்தேன். அந்த வழி இப்போது நீளமாகத் தெரிந்ததால் பதில்களும் சுற்று வழியே வந்தன. பிங் சில மில்லிசெகண்டுக்கு இறங்கியது.

என் ரிப்போர்ட்டில் உருப்படியான பக்கங்கள் இந்த மூன்று அளவீடுகள்தான். பாதை நெடுக முன்பதிவு செய்யும் இன்ட்சர்வ், அதற்கான ஆர்.எஸ்.வி.பி. நெறிமுறை எல்லாம் அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

வைவாவில் வெளித் தேர்வாளர், "அந்த நெட்வொர்க் உங்க அறிவிப்பை மதிக்கலேன்னா?" என்று கேட்டார். "அவங்க லோக்கல் பிரிஃபரன்ஸ் முன்னாடி என் நீளம் எடுபடாது சார். அறிவிப்போட சேர்த்து அனுப்புற குறிகளான கம்யூனிட்டி மதிப்புகளை முன்கூட்டியே பேசி வச்சிருக்கணும்" என்றேன். தலையாட்டினார். அடுத்ததாக எம்.இ.டி. (எந்த இணைப்பு வழியே வர வேண்டும் என்று அண்டை நெட்வொர்க்குக்குச் சொல்லும் எண்) பற்றிக் கேட்டார், உளறினேன். ஒரே அண்டை நெட்வொர்க்கிலிருந்து வரும் வழிகளுக்கு இடையில்தான் பொதுவாக அதை ஒப்பிடுவார்கள். அதை நீங்கள் விட்டுவிடாதீர்கள்.