பர்பன் பீப்பாயில் கிடந்த கறுப்பு பியர்: சிகாகோ நாட்குறிப்பு

நவம்பர் 19, 2023, ஞாயிறு

இந்த வாரம் ஊரே வான்கோழி பேச்சாகத்தான் இருக்கும். எனக்கு அதற்கு மறுநாள்தான் முக்கியம். தேங்க்ஸ்கிவிங் என்ற வான்கோழி விருந்துப் பண்டிகை முடிந்த வெள்ளிக்கிழமை கூஸ் ஐலண்ட் பியர்க் கம்பெனிக்காரர்கள் ‘பர்பன் கவுன்ட்டி’ ஸ்டவுட்டை, அதாவது வறுத்த பார்லியில் செய்த கறுப்பு பியரை, கடைக்கு விடுவார்கள். மற்றவர்கள் தள்ளுபடி விலை டிவிக்கும் லேப்டாப்புக்கும் விடியற்காலையில் வரிசை கட்ட, ஒரு சின்னக் கூட்டம் மட்டும் மதுக்கடை வாசலில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்கும்.

“ஏங்க, இந்த வருஷமும் போகணுமா?” என்று வீட்டில் கேட்டாகிவிட்டது. போகணும்.

இந்த பியரின் பூர்வீகம் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜான் ஹால் என்பவர் 1988இல் சிகாகோ கிளைபோர்ன் அவென்யூவில் தொடங்கிய, பியரை அங்கேயே காய்ச்சி விற்கும் கடைதான் கூஸ் ஐலண்ட். அவர் மகன் கிரெக் ஹால், இந்தியானாவில் ஒரு விருந்தில் ஜிம் பீம் என்ற பர்பன் விஸ்கியின் தலைமை வடிப்பாளர் புக்கர் நோவைச் சந்தித்திருக்கிறார். பேச்சுவாக்கில் காலிப் பீப்பாய்கள் கேட்டு வாங்கி, அதில் ஸ்டவுட்டை ஊற்றிவைத்துப் பார்த்தார். அது 1992 என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. இல்லை, 1995தான் என்று பழைய தாள்களைப் புரட்டி வாதாடுகிறவர்களும் உண்டு. எந்த வருஷமானால் என்ன, அன்றைக்குப் போட்டிகளில் இதை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்றே நடுவர்களுக்குத் தெரியவில்லை. இன்றைக்கு இந்த வகைக்கென்றே தனிப் பிரிவுகள் வந்துவிட்டன.

காலிப் பீப்பாய் ஏன் இவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறது என்றால், அதற்குச் சட்டமே காரணம். புதிய ஓக் மரப் பீப்பாயில், அதுவும் உட்புறத்தைத் தீயில் கரியாக்கிய பீப்பாயில் வைத்தால்தான் அமெரிக்காவில் அந்த விஸ்கிக்கு பர்பன் என்று பெயர். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயில் மறுபடி பர்பன் வைக்க முடியாது. ஆகவே 53 கேலன், அதாவது சுமார் 200 லிட்டர் பிடிக்கும் அந்தப் பீப்பாய்கள் கென்டக்கியிலிருந்து வெளியே போய்த்தான் ஆகவேண்டும். ஸ்காட்லாந்து விஸ்கிக்காரர்கள் ஒரு பங்கு, பியர்க்காரர்கள் ஒரு பங்கு. காலி என்று பேர்தானே தவிர, மரத்துக்குள் ஊறிப்போன பர்பன் லிட்டர் கணக்கில் இருக்கும்.

நவம்பர் 24, வெள்ளி

வாங்கியாகிவிட்டது. குளிர் காதைக் கடித்தது. கடைக்காரர் ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளந்துதான் கொடுத்தார். எதுவும் சேர்க்காத ஒரிஜினல் கொஞ்சம், வாழைப்பழ ருசி சேர்த்த ‘பனானாஸ் ஃபாஸ்டர்’ ஒன்று. அரை லிட்டர் பாட்டில் ஒன்றின் விலையில் சாதாரண பியர் ஒரு சிக்ஸ் பேக் வந்துவிடும்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் 2015ஆம் வருஷக் கதையை எடுத்தார். அந்த வருஷப் பாட்டில்கள் சிலவற்றில் ஒரு லாக்டோபாசில்லஸ் பாக்டீரியா புகுந்து, பியர் புளித்துவிட்டது. கம்பெனி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதற்கடுத்த வருஷத்திலிருந்து பாட்டிலில் அடைப்பதற்கு முன் பியரைச் சில நொடிகள் சூடாக்கி எடுக்கிறார்கள். “அதோடு இதன் உயிரே போச்சு” என்பது பெரியவர் கட்சி. அப்படிச் சொல்லிவிட்டு அவரும்தான் வரிசையில் நின்றார்.

நவம்பர் 25, சனி

இன்றைக்கு ஒரிஜினல்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், வேண்டுமென்றேதான். குளிர்ச்சியில் இனிப்பும் காரமும் மட்டும் தெரிந்தன. வாசனை என்று ஒன்றுமே மேலே வரவில்லை. லாகர் பியருக்கு ஜில்லென்று இருப்பது அழகு, இதற்கு அது பகை. 12, 13 டிகிரிக்கு வரட்டும் என்று மேசையிலேயே விட்டுவிட்டு, ரசத்துக்குத் தாளித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஊற்றும்போதே தெரியும், இது அவசரப்படாத திரவம். பாட்டில் கழுத்திலிருந்து எண்ணெய் மாதிரி இறங்கும். நுரை காப்பிப்பொடி நிறத்தில் ஒரு விரல்கட்டை எழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் ஒரு வளையமாக ஒடுங்கிவிட்டது. 14 சதவீதத்தைத் தாண்டிய ஆல்கஹாலில் நுரை நிற்காது. கிளாஸைச் சாய்த்து நிமிர்த்தினால் கண்ணாடியில் பழுப்பு நிறக் கறை படிந்து மெதுவாக வழிகிறது. விளக்குக்கு நேரே பிடித்தாலும் ஒரு பொட்டு வெளிச்சம் ஊடுருவவில்லை.

முதல் மோப்பத்தில் பர்பன். அது அடங்கியபின் வருவதுதான் எனக்கு வேண்டியது. கருப்பட்டிப் பாகு அடிப்பிடிக்கப் போகிறது, சட்டென்று அடுப்பை அணைக்கிறோம் அல்லவா, அந்த ஒரு நொடியின் வாசனை. அதற்குப் பின்னால் வனிலா, உலர்ந்த தேங்காய், திராட்சை வற்றல். இதில் ஒன்றையும் யாரும் உள்ளே போடவில்லை. வனிலா வாசம் ஓக் மரத்தின் லிக்னின் என்ற பொருள் சூட்டில் உடைந்து வருவது. தேங்காய் வாசம் அதே மரத்திலுள்ள லாக்டோன்கள் என்ற வாசனைப் பொருட்கள் தருவது. பீப்பாயின் உட்புறத்தைச் சுடும்போது மரத்தின் சர்க்கரைகளும் கருகி கேரமல் ஆகின்றன. மாதக்கணக்கில் பலகை வழியாகக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவதால் உலர்பழ ருசி ஏறுகிறது. சிகாகோ வெயிலுக்கு மரம் விரிந்து பியரை உறிஞ்சும், குளிருக்குச் சுருங்கி வெளியே தள்ளும்.

வாயில் கனம். ஈஸ்ட் தின்று தீர்க்க முடியாத மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சர்க்கரை அவ்வளவு மிச்சம் இருக்கிறது. ஆனால் திகட்டவில்லை. வறுத்த பார்லியின் கசப்பு பின்னாலிருந்து வந்து இனிப்பின் தோளில் கை வைத்து உட்கார வைத்துவிடுகிறது. விழுங்கியபின் நெஞ்சில் சூடு, நாக்கின் ஓரத்தில் கறுப்புச் சாக்லேட், கடைசியில் மரத்தின் துவர்ப்பு. பெரியவர் சொன்ன மாதிரி உயிர் போனதாக எனக்குப் படவில்லை.

ஒரு பாட்டில் முழுக்கக் குடித்தால் ஏறக்குறைய நாலு சாதாரண பியர் குடித்த கணக்கு. பாதியில் மூடி வைத்துவிட்டேன்.

நவம்பர் 26, ஞாயிறு

மிச்சப் பாதியில் காற்று போயிருந்தது, ருசி போகவில்லை. வனிலா ஐஸ்கிரீம் மேல் இரண்டு ஸ்பூன் ஊற்றி மனைவிக்குக் கொடுத்தேன். பியர் வாடையே ஆகாதவள், கிண்ணத்தை வழித்துவிட்டு “இது வேற எங்க கிடைக்கும்?” என்றாள்.

டிசம்பர் 2, சனி

டொரன்டோவிலிருந்து நண்பன் வந்திருக்கிறான், யாழ்ப்பாணத்துக்காரன். அவனுக்கு ஸ்டவுட் என்றால் லயன் ஸ்டவுட்தான். அது இலங்கையில் பியகமவில் தயாராவது, 8.8 சதவீதம். பிரிட்டிஷார் காலத்தில் நுவரெலியா மலையில் தொடங்கிய பியர்த்தொழிலின் வாரிசு. பியர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் அதைப் புகழ்ந்து எழுதித்தான் வெளிநாட்டுக்காரர்கள் பலர் தெரிந்துகொண்டார்கள். நான் அதை மட்டமாகச் சொல்லமாட்டேன். மரமே படாமல் அந்த விலைக்கு அவ்வளவு சாக்லேட் ருசி தரும் ஸ்டவுட் அபூர்வம்.

இன்றைக்கு நான் வாங்கிய பர்பன் கவுன்ட்டி இரண்டு வகையையும் திறந்தோம். முதலில் பனானாஸ் ஃபாஸ்டர். அந்தப் பெயரில் நியூ ஆர்லியன்ஸில் ஒரு இனிப்பு இருக்கிறது, பிரென்னன்ஸ் உணவகத்தில் 1951இல் பிறந்தது. வாழைப்பழத்தை வெண்ணெயிலும் பழுப்புச் சர்க்கரையிலும் புரட்டி, ரம் ஊற்றிக் கொளுத்தி, ஐஸ்கிரீமோடு தருவார்கள். பியரிலும் அதைத்தான் கொண்டுவரப் பார்த்திருக்கிறார்கள். மூடியைத் திறந்ததுமே நல்ல கனிந்த பழ வாசனை, பின்னால் பட்டை. முதல் இரண்டு மடக்கு பிரமாதம். அதற்குப் பிறகு பழம் மட்டுமே பேசிக்கொண்டிருந்தது. மரம், மால்ட், கசப்பு எல்லாம் வாயை மூடிக்கொண்டன.

நண்பன் நாலாவது மடக்கில் கிளாஸைத் தள்ளி வைத்தான். “மச்சான், இது நல்லாத்தான் இருக்கு. ஆனா பியர் எங்கயடா?”

பிறகு ஒரிஜினல் ஊற்றினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “இதுக்குள்ள என்ன போட்டவங்கள்?” என்றான். ஒன்றும் போடவில்லை என்றேன். நம்பவில்லை, பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

என் கட்சி இதுதான். இப்போது ஊரெல்லாம் டெசர்ட் ஸ்டவுட்: பிஸ்கட், மார்ஷ்மெல்லோ, கடலை வெண்ணெய், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை என்று கையில் கிடைத்ததையெல்லாம் தொட்டியில் கொட்டுகிறார்கள். லாக்டோஸ் ஒன்றும் புதுசில்லை. இங்கிலாந்தில் மெக்கஸன் மில்க் ஸ்டவுட்டில் நூறு வருஷத்துக்கு முன்பே போட்டார்கள், ஈஸ்டால் அதைத் தின்ன முடியாது என்பதால் இனிப்பு அப்படியே நிற்கும். அதில் தப்பில்லை. ஆனால் மரமும் மால்ட்டும் தாமாகவே ஒரு இனிப்புப் பலகாரத்தைச் செய்து கையில் கொடுக்கும்போது, அதன்மேல் இன்னொரு பலகாரத்தைக் கொட்டுவானேன்? மிச்சிகனில் ஃபவுண்டர்ஸ் பியர்க் கம்பெனிக்காரர்கள் செய்யும் கேபிஎஸ் என்ற பீப்பாய் ஸ்டவுட்டில் காப்பியும் சாக்லேட்டும் உண்டு, அது எனக்குப் பிடிக்கும். கிராண்ட் ராபிட்ஸ் நகரத்துக்கு அடியில் உள்ள பழைய ஜிப்சம் சுரங்கத்தில் பீப்பாய்களை அடுக்கி வைப்பார்கள். ஆனால் காப்பியும் சாக்லேட்டும் ஸ்டவுட்டின் பங்காளிகள். வாழைப்பழம் விருந்தாளி.

டிசம்பர் 9, சனி

பேஸ்மென்ட் அலமாரியில் கிடந்த 2018 ஒரிஜினலை எடுத்தேன். நண்பன் நாளைக்குக் கிளம்புகிறான், அவனுக்கும் ஒப்பிட்டுக் காட்டலாம் என்று.

வைத்தால் வைத்தபடி ஏறிக்கொண்டே போகும் என்று சேர்த்துவைப்பவர்கள் ஒரு தடவை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பார்க்கவேண்டும். பர்பன் காரம் நன்றாகவே தணிந்திருந்தது. அத்திப்பழம், பேரீச்சை, ஷெரி ஒயின் மாதிரி ஒரு கொட்டை வாசனை. அதெல்லாம் வரவுப் பக்கம். செலவுப் பக்கத்தில், பியரின் உடம்பு இளைத்துவிட்டது, நடுநாக்கில் ஒரு வெற்றிடம். கடைசியில் லேசாக சோயா சாஸ் உப்பு எட்டிப் பார்த்தது. இன்னும் இரண்டு வருஷம் வைத்திருந்தால் அது மட்டும்தான் மிஞ்சியிருக்கும். எனக்குக் கேட்டால் இரண்டு, மூன்று வருஷம்தான் இதற்கு எல்லை. கூடுதலாக வைப்பவர்கள் ருசிக்காக வைப்பதில்லை, பாட்டிலின் மேல் உள்ள வருஷத்துக்காக வைக்கிறார்கள்.

நண்பனுக்குப் பழையதுதான் பிடித்தது. “காரமில்லை, வயசான ஆள் மாதிரி அமைதியா இருக்கு” என்றான். அரைமணி நேரம் வாதாடினோம், அவன் விட்டுக்கொடுக்கவில்லை. கனடாவுக்குள் 8.5 லிட்டர் பியர் வரை வரியில்லாமல் கொண்டுபோகலாம். அலமாரியில் மிச்சம் இருக்கும் 2018, 2019 பாட்டில்களைத் துணியில் சுற்றி அவன் பெட்டியில் வைத்தாயிற்று. இந்த வருஷத்து ஒரிஜினலை அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.