மங்குக்குப் பூசுற பொடியில கார்போகரிசி இருக்கான்னு பாத்துக்குங்க

கல்யாணம் காதுகுத்துன்னு எங்க போனாலும் என் கன்னத்தப் பாத்து யாராவது ஒருத்தர் வைத்தியம் சொல்லாம விடமாட்டாங்க. ரெண்டாவது பிள்ளை வயித்துல இருந்தப்ப வந்த மங்கு இது, ரெண்டு கன்னம், மூக்குத்தண்டு, மேலுதட்டுக்கு மேல மீசை மாதிரி ஒரு கறுப்பு. பிள்ளை பொறந்தா போயிடும்னாங்க, நெறைய பேருக்கு கொஞ்சம் கொஞ்சமா மங்கிடும்தான், எனக்குப் போகல, பையன் இப்ப ஸ்கூலுக்குப் போறான். எலுமிச்சம்பழம் தேய்னு ஒருத்தங்க, ஜாதிக்காய பால்ல ஒரசிப் போடுன்னு இன்னொருத்தங்க. எலுமிச்சை சாறு பட்ட தோலோட வெயில்ல நின்னா தோல் வெந்து இன்னும் கறுக்கும். ஜாதிக்காய் எனக்கு எரியும், எரிச்சல் வந்த எடம் நம்ம நெறத்துக்கு கறுத்துதான் ஆறும். அதனால ரெண்டுக்கும் ஒரு கும்பிடு.

இப்ப எழுத உக்காந்தது குளியல் பொடி பத்தி. எங்க அத்தை வருஷா வருஷம் கும்பகோணம் போயி நாட்டு மருந்துக் கடையில பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா மொட்டு, கார்போகரிசி எல்லாம் வாங்கி, பச்சைப்பயறோட மொட்டை மாடியில காயவச்சு மில்லுல அரைச்சு டப்பா டப்பாவா சொந்தக்காரங்களுக்கெல்லாம் குடுத்து விடுவாங்க. அரைச்சு வந்த அன்னைக்கு வீடே மணக்கும், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா அந்தக் கார்போகரிசி இருக்கு பாருங்க, தட்டையா கறுப்பா எள்ளுக்கு அண்ணன் மாதிரி, அதுல சோராலென்னு ஒரு சத்து இருக்கு. அது தோல்ல இருக்கும்போது வெயில் பட்டா தோல் நெறத்த கூட்டும். வெண்புள்ளிக்கு நாட்டு வைத்தியத்துல காலங்காலமா கார்போகரிசி குடுக்குறது அதுக்குத்தான். தோல் டாக்டருங்களும் வெண்புள்ளிக்கு சோராலென் குடுத்து அதுக்குன்னு இருக்குற லைட்ல நிக்க வைப்பாங்க. நெறம் வராத எடத்துல நெறம் வரவைக்கிற மருந்த, ஏற்கனவே நெறம் கூடிப்போன எடத்துல நாம பேக்கா போட்டுக்கிட்டு கொல்லையில துணி காயப்போட்டுட்டு நின்னா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

குளிக்கும்போது தேய்ச்சு உடனே கழுவிட்டா தோல்ல தங்குறது கம்மி, அதுக்காக டப்பாவத் தூக்கிப் போட வேணாம். முகத்துல மங்கு இருக்கறவங்க மட்டும் முகத்துக்கு கார்போகரிசி கலந்தது வேணாம். அத்தைகிட்ட சொன்னதுக்கு "அதில்லாம என்னடி பொடி, வெறும் பயத்தமாவுதான்"னாங்க. கடைசியில எனக்கு மட்டும் தனியா அரைச்சுத் தந்தாங்க, மூஞ்ச தூக்கி வச்சுக்கிட்டுதான். இதுல வேடிக்க என்னன்னா அதே விதையில இருந்து எடுக்குற பாகுச்சியால்ங்குற இன்னொரு சத்து இப்ப குட்டி குட்டி பாட்டில்ல சீரமா கொள்ளை விலைக்கு விக்குது. 2019ல வந்த ஒரு ஆராய்ச்சியில அதை ரெட்டினாலோட, அதான் சுருக்கத்துக்குப் பூசுற வைட்டமின் ஏ வகை, வச்சுப் பாத்தாங்க, சுருக்கம், கறுப்பு ரெண்டும் கொறையறதுல ரெட்டினாலுக்கு அது சளைக்கல. ஆனா அது சோராலென் நீக்கி சுத்தம் பண்ணினது. விதைய அப்படியே அரைச்சா ரெண்டும் சேந்துதான் வரும்.

மங்குன்னா அழுக்கு இல்லீங்க, தேய்ச்சு எடுக்க. தோல்ல நெறம் செய்யிற செல்லுங்க ஹார்மோனாலயும் வெளிச்சத்தாலயும் சொன்ன பேச்சு கேக்காம அதிகமா வேலை பாக்குது. கர்ப்பம், கர்ப்பத்தடை மாத்திரை, குடும்பவாகு இதெல்லாம் காரணம், எங்க அம்மாவுக்கும் சித்திக்கும் உண்டு. ஆம்பளைங்களுக்கும் வரும், கம்மியா. வெயில்ல இருக்குற புற ஊதா மட்டும் இல்ல, கண்ணுக்குத் தெரியிற வெளிச்சமே, அதுலயும் நீலப் பக்கம் இருக்குறது, நம்மள மாதிரி மாநிறம் கறுப்பு நெறத்துக்காரங்களுக்கு மங்கு வரத் தூண்டும். சாதா சன்ஸ்கிரீன் அத நிறுத்தாது. அயர்ன் ஆக்சைடு கலந்த, லேசா தோல் கலர்ல இருக்குற டின்டட் சன்ஸ்கிரீன்தான் அதுக்கு, எஸ்பிஎஃப் 30க்கு மேல, ரெண்டு வெரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும், வெளியில இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திரும்ப. வெள்ளை க்ரீம் போட்டா விபூதி பூசின மாதிரி இருக்கும்ல, இதுல அந்தத் தொல்லையும் இல்ல. குறுவை நடவுல சேத்துத் தண்ணியில குனிஞ்சு நிக்கிற அக்காங்ககிட்ட போயி ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பூசுன்னு சொன்னா சிரிப்பாங்க, சிரிக்கத்தான் செய்யணும். அவங்க தலையில கட்டுற துண்ட நெத்தி தாண்டி கன்னம் வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டாலே பாதி வேலை ஆச்சு.

செடியில இருந்து வர்றது எதுவுமே வேலைக்காவாதான்னு கேட்டா, ஆகும். அதிமதுரத்துல கிளாப்ரிடின்னு ஒண்ணு இருக்கு, தோல்ல நெறம் உண்டாக்குற டைரோசினேஸ்ங்குற என்சைம அடக்கும். ஆனா அது தண்ணியில சரியா கரையாது, அதனால அதிமதுரப் பொடிய பன்னீர்ல கொழைச்சுப் போடுறதுக்கும் அளவோட பிரிச்செடுத்த க்ரீமுக்கும் நெறைய வித்தியாசம். கோதுமை, பார்லியில இருக்குற அஸெலிக் ஆசிட் க்ரீமா 15, 20 சதவீதத்துல கெடைக்குது, கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் டாக்டருங்க தர்றது அதுதான். எனக்கு அது கொஞ்சம் அரிச்சுது, அப்புறம் பழகிடுச்சு, கன்னம் தெளிஞ்சிருக்கு, மீசை மட்டும் அடம் பிடிக்குது. மஞ்சளப் பத்தி என் கருத்து வேற. ஆடிப்பெருக்கு அன்னைக்கு படித்துறையில மஞ்ச பூசின முகத்துல யாருக்கும் மங்கு தெரியாது, அவ்ளோதான்.

நாட்டு மருந்த இவ்ளோ சொன்னேன்ல, இங்கிலீஷ் மருந்து இத விட மோசமாவும் போகும். என் சித்தி பொண்ணுக்கு ஒரு மெடிக்கல்ல சீட்டே இல்லாம ஒரு ட்யூப் குடுத்தாங்க. நெறத்தக் கொறைக்கிற ஹைட்ரோகுவினோன், வைட்டமின் ஏ வகை ட்ரெட்டினாயின், கூட ஒரு ஸ்டீராய்டு, மூணும் கலந்தது. 1975ல க்ளிக்மேன்னு ஒரு தோல் டாக்டர் கொண்டாந்த கூட்டு, டாக்டர் பாத்து கொஞ்ச காலம் குடுத்தா நல்ல மருந்துதான். இவ மாசக்கணக்கா ஃபேர்னஸ் க்ரீம் மாதிரி போட்டா. மொதல்ல பளபளன்னு ஆச்சு, அப்புறம் தோல் மெலிஞ்சு செவந்து பருவும் முடியும் வந்து, நிறுத்தினா எரியுது, போட்டா அடங்குது, மங்கோ முன்ன விட ஜாஸ்தி. இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீமுங்க 14ஐ 2018ல ஷெட்யூல் எச்ல சேத்து சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு அரசாங்கம் சொல்லியாச்சு, கவுன்ட்டர்ல நிக்கிற தம்பிக்கு அதெல்லாம் யாரு சொல்றது. ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையும் சில பேருக்கு எழுதித் தர்றாங்க, ரத்தப்போக்குக்கு குடுக்குற அதே மாத்திரைதான், ரத்தம் உறையிற தொந்தரவு இருக்கறவங்க, கர்ப்பத்தடை மாத்திரை சாப்புடுறவங்க அத டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க.

இன்னொண்ணு, நெத்திப்பொட்டுல, பின்கழுத்துல, அக்குள்ல வெல்வெட் துணி மாதிரி தடிப்பா கறுத்திருந்தா அது மங்கு கெடையாது. எவ்ளோ க்ரீம் பூசினாலும் மேல மேலயே நிக்கும், உள்ள இன்சுலின் சரியா வேலை செய்யாம இருக்குறதால வர்றது பெரும்பாலும். அப்படி இருந்தா மொதல்ல வெறும் வயித்துல சுகர் டெஸ்ட் எடுத்துடுங்க.